சாளரத்துச் சிப்பாய்க்கு உடைத்த தேங்காய்

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து எழுந்தபோது, போரில் மாண்ட ஆங்கிலேயச் சிப்பாய்களின் நினைவாக எங்கள் கண்டித் தேவாலயத்தில் அமைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் அடியில் பிளாஸ்டிக் செவ்வந்திகளைக் கண்டேன். பழக்கதோஷத்தால் குனிந்து முகர்ந்தேன். தூசியேறி இரண்டு தும்மல் வந்ததே மிச்சம்.

ஆயினும் நண்பரே, அந்தத் தும்மலோடு அசல் செவ்வந்தியின் மணமும், மணத்தோடு மாரியாயியும் நினைவில் வந்துவிட்டார்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். கண்டிக்குச் சாமான் வாங்க வரும் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குள் நுழைந்து, சாளரத்தில் கவசமணிந்து ஈட்டி ஏந்தி நிற்கும் சிப்பாய்க்குச் செவ்வந்திப் பூ வைப்பாள். ஒருநாள் தேங்காயும் உடைத்துவிட்டாள்.

அப்போது நான் அங்கே இளம் உபதேசியார். பழைய பதிகங்கள் பலவற்றை மனனம் செய்திருந்த மிதப்பில், பக்தியின் இலக்கணம் எனக்கே தெரியும் என்றிருந்தவன். “பக்குவமாகச் சொல்லி நிறுத்தும்” என்று குருவானவர் என்னை அனுப்பினார்.

“இவர் சாமி இல்லம்மா. சண்டையில செத்துப்போன சிப்பாய்மாருக்காக வச்ச படம். கீழ இருக்கிறது அவங்க பேரு.”

“ஒருத்தரும் வீடு திரும்பலையா?”

“இல்ல.”

“அப்ப சரியான ஆளத்தான் புடிச்சிருக்கேன். எம்மகன் கொழும்புக்கு வேலைக்குப் போயி நாலு மாசம், ஒரு கடுதாசி இல்ல. வீடு போய்ச் சேராதவருக்குத்தானே அந்தத் தவிப்பு தெரியும்? நீங்க தேங்காச் சில்லப் பொறுக்கிக்குங்க, கறிக்கு ஆகும்.”

பொறுக்கினேன். கறிக்கும் ஆயிற்று. குருவானவரிடம் “சொல்லிவிட்டேன்” என்று மட்டும் தெரிவித்தேன்; நிறுத்தினாளா என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதமே மகன் வந்து சேர்ந்தான். தகரப்பெட்டியும் அசட்டுச் சிரிப்புமாக நின்றவனைச் சாளரத்தின் முன் இழுத்து வந்தாள்.

“கும்புடுடா, எழுதத் தெரியாத கழுத!”

“எழுதத் தெரியும்மா.”

“தெரிஞ்சும் எழுதாத கழுத!”

சிரிப்பை அடக்க நான் இருமிக்கொண்டிருக்கையில், என் பக்கம் திரும்பினாள்.

“எம்புள்ள வந்துட்டான். இந்தச் சிப்பாய்மாரோட ஆத்தாமாரு கடல் தாண்டி இங்க எப்புடி வருவாங்க? நீங்க பேர வாசிங்க, நான் கூப்புடுறேன்.”

வாசித்தேன். அந்தியில் தோட்டத்து லயக் குடியிருப்பின் வாசலில் நின்று பிள்ளைகளை அழைப்பவள்போல, ஒவ்வோர் ஆங்கிலப் பெயரோடும் “வந்துருய்யா” என்று சேர்த்துக் கூப்பிட்டாள். நான் கற்ற பதிகம் எதுவும் எனக்கு அப்போது நினைவில் நிற்கவில்லை. அதன்பின் அவள் வந்த ஞாயிறெல்லாம் இதுவே வழக்கமாயிற்று.

மாரியாயி மறைந்து நெடுங்காலம் ஆகிறது. ஆண்டுக்கொருமுறை, நினைவு ஆராதனையில், அப்பெயர்களைப் பிழையின்றி வாசிக்கிறோம். வீட்டுக்கு வரச்சொல்லி அவர்களைக் கூப்பிடத்தான் ஒருவரும் இல்லை.