மகளின் கண்ணுக்கு நான் கொடுத்த பயிற்சி

"இன்னைக்கு ஆடுதாம்மா?" என்று மகள் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? ஒரு வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

2008 ஐப்பசி மழையில் தொடங்கியது இது. மலையகத்தில் கொஸ்லந்த பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம்; நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு அப்போது ஆறு வயது. கைக்குழந்தையிலிருந்தே அவள் கருவிழிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருக்கும். அந்த வருடம், பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாமல் இடறத் தொடங்கினாள். பதுளையில் ஒரு கண் மருத்துவரிடம் கொண்டுபோனோம். விழித்திரை கெட்டுக்கொண்டு வருகிறதா என்பதைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். கண் ஆடியதால் எடுத்த படமெல்லாம் கலங்கிப் போயிருந்தது. அடுத்த மாதம் வரச் சொன்னார்.

ஆடுவதுதானே குறை, பழக்கினால் நிற்காதா என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பழக்குகிறவள் அல்லவா? தினமும் சாமி விளக்கு ஏற்றியதும் அவளை முன்னால் உட்காரவைத்துச் சுடரையே பார்க்கச் சொன்னேன். கண்ணில் நீர் வழியும்.

"விடு, புள்ள பாவம்" என்பார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க" என்பேன்.

மறுபடி போன அன்று, பஸ் பெரகல மலை ஏறும் வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோனாள். ஆனாலும் படம் எடுக்கும் இயந்திரத்தில் தாடையை வைத்ததும் பெருமையாகச் சொன்னாள்: "டாக்டர், நான் ஆடாம பாக்கப் பழகிட்டேன்."

பார்த்தாள். மூச்சை அடக்கி, விரல்களை இறுக்கி, முகம் சிவக்கப் பார்த்தாள். விழிகள் முன்னைவிட வேகமாகத் துடித்தன. படங்கள் முன்னைவிட மோசம்.

விளக்குப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அம்மா, பிள்ளை நிப்பாட்டப் பாக்கப் பாக்கக் கண் கூடுதலாத்தான் ஆடும். உங்கட கண்ணும் என்ர கண்ணும்கூட ஒரேயடியா நிக்கிறேல்லை. கண்ணைப் பழக்கேலாது. அது போற பக்கமெல்லாம் பின்னால ஓட மெஷினைத்தான் பழக்கோணும். வெளிநாட்டில அப்பிடி ஒரு மெஷின் செய்து பாக்கினம். இங்க வர நாளாகும்."

"அதுவரைக்கும், டாக்டர்?"

"பாத்துக்கொண்டிருப்பம்."

பஸ்ஸில் என் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "நான் சரியாப் பாக்கலையாம்மா?"

பயிற்சியை நான் அன்றே நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் தானாகவே வந்து உட்காருகிறாள். சுடரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். ஆடுது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். ஆடல என்றால், "அப்ப படம் எடுக்க எப்பம்மா டாக்டர்கிட்ட போறோம்?" என்கிறாள். இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும் தாய் யாராவது இதைப் படித்தால், நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.