வெள்ளையை அளந்த கம்ப்யூட்டர்

மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் தொழிலில் பாதி, மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்துவது. மீதி, "இதோ முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, திண்டுக்கல்லில் நான் வேலைபார்க்கும் ஸ்கேன் சென்டரில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. சென்டரை நடத்தும் டாக்டரம்மா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவைத்தார். பிலிமை அதில் ஏற்றினால், மார்பில் அடர்ந்த சதை எத்தனை சதவீதம் என்று சொல்லும். பிலிமில் கொழுப்பு கறுப்பு, அடர்ந்த சதை வெள்ளை. கட்டியும் வெள்ளைதான், வெள்ளைக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் அந்தக் கணக்கு. புதுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு என் பாடு புரியும்.

பாஸா, பெயிலா?

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருந்த ஓர் அம்மாவிடம், "அடர்த்தி அறுபத்திரண்டு சதவீதம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "இது நோயில்லம்மா, நல்லதுன்னும் சொல்ல முடியாது..." என்று இழுத்தேன். அவர் கேட்டார்: "ஏனுங்க, எம் பொண்ணு பத்தாவதுல கூட இத்தன வாங்கலீங்க, அப்ப நான் பாசுங்களா?"

ஒரு படம், மூன்று கணக்கு

வெள்ளை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை மவுஸால் நாம்தான் காட்ட வேண்டும். ஒரே பிலிமுக்குக் காலையில் எனக்கு முப்பத்தைந்து வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தால் நாற்பத்தெட்டு. பதறிப்போய், கூட வேலைபார்த்த ஸ்டெல்லாவை உட்காரவைத்தேன். அவளுக்கு நாற்பத்தொன்று. அக்குள் பக்கத்துத் தசையையும் சேர்த்து நான் கோடு போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்தியும் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. ஸ்டெல்லா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "யக்கா, நாம அந்தம்மாவ அளக்குறோமா, நம்ம கண்ண அளக்குறோமா?"

தெரியவில்லை என்றால்?

கன்னிவாடியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த செல்விக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அக்கா மார்புப் புற்றுநோயில் இறந்ததால் பயந்து வந்திருந்தார். பிலிம் முழுக்கப் பாலைக் கொட்டியதுபோல வெள்ளை. கம்ப்யூட்டர் எண்பதைத் தாண்டியது. "படத்துல ஒண்ணும் தெரியல, அதனாலதான் இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் குழப்பமாக இருந்தது. "ஒண்ணும் தெரியலன்னா எதுக்கு டெஸ்ட்டு?" என்று கோபமாகக் கிளம்பிவிட்டார். வாசலுக்கு ஓடி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அல்ட்ராசவுண்டில் மொச்சைக்கொட்டை அளவு கட்டி தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ஆரம்ப நிலைதான் என்றார்கள். அடுத்த வருடம், கீமோ மருந்து ஏற்றியதில் கொட்டிய முடி காதுவரை வளர்ந்திருக்க, சோதனைக்கு வந்து நின்றார். "அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு இன்னமும் புரியலக்கா; கையப் பிடிச்சீகளே, அதுக்காகத்தேன் நின்னேன்."

இத்தனை பேருக்குச் சதவீதம் சொல்லியும், அதற்கு ஒரே வரியில் அர்த்தம் சொல் என்றால் நான் இன்றைக்கும் டாக்டரம்மா அறைப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பேன்.