சைப்ரஸிலிருந்து ஓர் அழைப்பு

இலங்கை மலையகத்தின் தெமோதரையில் ரயில் ஏறி என் எதிரே அமர்ந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. தொலைபேசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். சைப்ரஸில் வீட்டு வேலை செய்யும் மகளின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமாம்.

நான் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன புத்தகம் என்று கேட்டார். அங்கே ஒரு நாட்டுத் தொழிலாளி இன்னொரு நாட்டுக்குத் தடையில்லாமல் போய் வேலை செய்யலாம், அதைப் பற்றியது என்றேன்.

“சைப்ரஸும் அதுல இருக்குங்களா?”

“இருக்குங்கம்மா.”

“அப்ப எம்மக இத்தாலிக்குப் போயிறலாமா தம்பி? வேல செய்யிற வீட்ல இருக்க முடியலன்னு அழுவுறா.”

“முடியாதும்மா. அது அந்த நாடுகளோட பிரஜைகளுக்கு மட்டுந்தான்.”

“மூணு வருசமா அங்கதானே வேல செய்யிறா.”

“வேலை செஞ்சா மட்டும் போதாதும்மா.”

“எங்க தாத்தா ஆயுசு பூரா இங்க தோட்டத்துலதான் வேல செஞ்சாரு. அவரையும் இந்த நாட்டு ஆளில்லன்னுட்டாங்க,” என்றார். குரலில் கோபம் இல்லை.

ஹாலிஎல நிலையம் தாண்டியதும் மகள் அழைத்தாள். அவர் திரையைத் துடைத்தார்.

“சட்டம் படிக்கிற ஒரு தம்பிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்க சாமி.”

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில், தடையில்லாமல் போய்வர உரிமையுள்ள தொழிலாளி யார் என்று கேட்டிருந்தார்கள். பிரஜையாக இருக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.