சல்சா கேட்டுக்கொண்டு படம் வாங்கப் போனேன்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் குடியேறிய பனி நகரத்தின் ஓரத்து மல்வேர்னில் இருந்து நடு நகரத்துச் சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. கல்யாணப் பேச்சுக்குக் கொடுத்த என் படத்தைத் திருப்பி வாங்க. சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் சொல்லி இரண்டு மாதமாகியும் படம் வரவில்லை. பெண் தானே போய்க் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அம்மாவிடம் ஓவர்டைம் வேலை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

துணைக்கு மார்த்தா வந்தாள். கொலம்பியாக்காரி, பிஸ்கட் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்குபவள். பஸ், பிறகு ஸ்கார்பரோவின் சிறு ரயில், கென்னடியில் மாறி நிலக்கீழ் ரயிலான சப்வே, ஷேர்போர்னில் இறக்கம். ஒரு வழிக்கு இரண்டு டொலர், ஒன்றரை மணித்தியாலம். ஞாயிறென்றால் பஸ் நினைத்த நேரம்தான் வரும்.

வழியெல்லாம் அவளுடைய வோக்மனில் ஆளுக்கொரு காதாக, அவள் ஊர் ஆட்டப் பாட்டான சல்சா. கல்யாண மேளத்தில் ஒப்பாரி வாசித்தது போல இருந்தது. மார்த்தா அரைகுறை ஆங்கிலத்தில் பொருள் சொன்னாள். ஒரு பாட்டில் ஒருத்தன், வேண்டாம் என்றவளின் வாசலிலேயே கிடக்கிறான். அடுத்ததில் ஒருத்தி, வேண்டாம் என்றாய், சரி, நாளை மனம் மாறினால் என் கதவைத் தட்டாதே என்கிறாள். இரண்டுக்கும் ஆட்டம் ஒன்றுதானாம். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் மனம் மாறியிருக்கும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

பதினான்காம் மாடி. மார்த்தா லிஃப்ற் அருகில் நின்றுகொண்டாள். மாப்பிள்ளையின் அக்கா என்னை இருத்தித் தேத்தண்ணி வைத்தார்.

"படம் இஞ்ச இருக்கட்டும் பிள்ளை. தம்பிக்கு இன்னொரு இடம் பேசுறம். அது சரிவராட்டி உங்களிட்டத்தான் வருவம்."

"அப்ப சாதகம்?"

"அது பாத்துக்கொள்ளலாம்."

"வேண்டாம் அக்கா. படத்தைத் தாங்கோ."

ஓர் அல்பத்தில் இருந்து உருவித் தந்தார். அதில் இன்னும் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள்.

திரும்பும்போது அந்த இரண்டாவது பாட்டைப் போடச் சொன்னேன். பற்றரி முடிந்துவிட்டது. கென்னடி வரை அழுதுகொண்டு வந்தேன்.

படத்தைக் கண்டதும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "அங்க கிடந்திருந்தா என்னைக்கெண்டாலும் கேட்டிருப்பினம்" என்றார்.

வைகாசியில் கேட்கத்தான் கேட்டார்கள். மற்ற இடம் சரிவரவில்லை, படத்தை மறுபடி அனுப்புங்கோ என்று அந்த அக்கா போன் எடுத்தார். அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன். "படம் இல்லைப் பிள்ளை" என்று வைத்துவிட்டு, அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அதன் பிறகு வேறு இடமும் வரவில்லை.

இப்போது அந்தச் சிறு ரயிலும் இல்லை, வோக்மனும் இல்லை. ஆனாலும் இப்படி ஒரு பயணம் போக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: துணைக்கு ஒருத்தியைக் கூட்டிப் போங்கள். பஸ்ஸுக்குக் குளிரில் நிற்கத் தடித்த கையுறை போடுங்கள். அந்த வீட்டில் தேத்தண்ணி தந்தால் குடிக்க வேண்டாம். குடித்தால் படத்தைக் கேட்க வாய் வராது. அன்று எனக்கு நல்ல குளிர். கோப்பையில் ஆவி பறந்தது. நான் குடிக்கவில்லை.