நான்கு தேசிக்காயும் இரண்டு பிக்கப்பும்

கார்த்திகை மாதத்து ஹனோவரில் காலை ஏழரைக்கும் விளக்குப் போட்டுத்தான் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். அப்படியான ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பிக்கப் வண்டி பார்க்கப் புறப்பட்டோம். பெரியது வாங்குவதா, நடுத்தரம் வாங்குவதா என்று மண்டையைப் போட்டு உடைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துப் பிழை பார்க்கிறவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசியுங்கள்.

எங்களுடையது தோட்ட வேலை. சனத்தின் வேலியை வெட்டுவது, இலை கூட்டுவது, பனி விழுந்தால் கடைகளின் வாகனத் தரிப்பிடத்தில் பனி தள்ளுவது. அவர் வெட்டுவார், நான் அள்ளுவேன். ஐப்பசியில் எங்கள் பழைய வான் டூஃப் என்கிற வாகனத் தகுதிச் சோதனையில் விழுந்துவிட்டது, அடியெல்லாம் துரு. அதற்கு முன்னமே, கோடையில், அவரும் விழுந்துவிட்டார். வேலி வெட்டிக்கொண்டு நின்ற இடத்தில் வலிப்பு. ஆவணியில் இன்னொரு தரம். ஒரு வருடத்துக்கு எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. கோயிலில் யாரும் கேட்டால் நாரி நோ, முதுகுப் பிடிப்பு. அவருக்கு வராத நாரி நோவுக்கு எனக்கு எத்தனை பேர் எண்ணெய் சொல்லித் தந்தார்கள் தெரியுமா?

முதல் பனிக்கு முன் ஒரு வண்டி வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கால ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். எந்த வண்டி என்று மூன்று கிழமை கதைத்தோம். யார் ஓட்டுவது என்று ஒரு நாளும் கதைக்கவில்லை. வீட்டில் இப்போது லைசன்ஸ் செல்லுபடியாகிறவள் நான் ஒருத்திதான். அந்தக் கதை வந்தால் அவர் எழும்பிப் போய் குப்பை கொட்டிவிட்டு வருவார். அந்த மூன்று கிழமையும் எங்கள் குப்பை வாளி அவ்வளவு சுத்தம்.

வாங்கிய வண்டியில் திரும்பி வருவது என்ற எண்ணத்தில் ரயிலில் போனோம். மாதச் சீட்டு இருந்ததால் மெதுவான ரயில். ஹனோவரில் ஏழு மணிக்குச் சற்று முன் ஏறி, கோட்டிங்கனிலும் காசலிலும் மாறி, பிராங்பேர்ட் போய்ச் சேரப் பன்னிரண்டரை. வேக ரயிலில் இரண்டரை மணித்தியாலத்துக்குள் போகலாம். ஆனால் அதற்கு வேறாகக் காசு. வழி முழுக்கப் பனிப்புகார்தான். யன்னலில் எங்கள் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, அது இரண்டும் பார்க்கக்கூடியதாகவும் இல்லை.

அவருடைய ஜக்கெட் பை புடைத்துக்கொண்டு இருந்தது.

"இஞ்சாருங்கோ, என்ன அது?"

"தேசிக்காய். நாலு."

"வண்டியே இன்னும் பாக்கேல்லை."

"பிடிச்சா அங்கேயே வைச்சு ஏத்திப்போட்டு வாறதுதானே."

எங்கள் ஆட்களுக்குத் தெரியும். புது வண்டி வாங்கினால் நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய், எலுமிச்சைதான், வைத்து, வண்டிக்கு உரியவர் ஏறி முதல் தரம் நசித்துக்கொண்டு போகவேண்டும். எங்கள் வீட்டில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவர்தான் நசித்தார். என் வாய் சும்மா இராதே. "மீன் பொரிக்கவும் உதவும்" என்றேன்.

பிராங்பேர்ட் பிரதான நிலையத்திலிருந்து எஸ்-பான் நகர ரயிலில் இருபது நிமிடம், பிறகு பதினைந்து நிமிட நடை. பழைய வாகனங்கள் விற்கும் ஒரு முற்றம். நடத்துகிறவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். முற்றத்தின் நடுவில் அது நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த கறுத்தப் பெரிய ட்ரக். நீளம் ஆறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பக்கக் கண்ணாடிகளை விட்டாலே அகலம் இரண்டு மீற்றர். என் மூக்கு அதன் இயந்திர முன்மூடிக்கு நேரே வந்தது. விலை முப்பத்தோராயிரத்து ஐந்நூறு யூரோ.

"அண்ணை, இதில போய் இறங்கினியளெண்டா கலியாண மண்டபத்தில ஒருத்தரும் மாப்பிளையப் பாக்க மாட்டினம்" என்றார் விற்கிறவர்.

"அப்ப பொம்பிளையையும் பாக்க மாட்டினமே? பாவம், காசு குடுத்துச் சோடிச்சவை" என்றேன்.

நான் கேட்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். நூறு கிலோமீற்றருக்குப் பதினாறு லீற்றர் பெற்றோல். வண்டியும் பாரமுமாகச் சேர்த்து மூன்றரைத் தொன் வரைதான் என்று பத்திரத்தில் பதிந்திருக்கிறது. வண்டியே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுவதால் மிஞ்சுவது எழுநூறு கிலோ. பார்க்க யானை, சுமக்கிறது எங்கள் பழைய வானின் அளவும் இல்லை. இன்னொன்று. அவருடைய பழைய மூன்றாம் வகுப்பு லைசன்ஸில் ஏழரைத் தொன் வரை ஓட்டலாம். பிந்தி எடுத்த எனக்கு மூன்றரைத் தொன்தான். எங்களிடம் ஒரு தொன் அன்ஹெங்கர் இருக்கிறது, இலையும் கொப்பும் ஏற்றிப் பின்னால் இழுக்கிற பெட்டி. அதை இந்த ட்ரக்கில் கொளுவி நான் இழுப்பதென்றால் புதிதாகச் சோதனைக்கு ஓடிக்காட்ட வேண்டும்.

நான் கணக்குப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தால், என் வீட்டுக்காரர் குனிந்து நிற்கிறார். நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாகிவிட்டது. விலையும் பேசவில்லை.

"ஏறி இருந்து பாருங்கோ அண்ணை" என்று விற்கிறவர் திறப்பைக் கொடுத்தார். இவர் ஏறினார். கதவு சாத்தினார். இயந்திரம் உறுமியது. முற்றத்தின் வாசல் அகலத் திறந்து கிடந்தது, அப்பால் தெரு, தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள்.

ஓடிப்போய் ட்ரக்குக்கு முன்னால் நின்றேன். முன்மூடிக்கு மேலாக என் தலைமயிர்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். "இவருக்கு ஓடேலாது" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சொன்னால் அடுத்த திருவிழாவுக்கு முன் ஜெர்மனி முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லவில்லை. குனிந்து முன் சில்லின் கீழிருந்த தேசிக்காயை எடுத்தேன். சுற்றி வந்து மற்றதையும் எடுத்தேன்.

"என்னக்கா, தேசிக்காயை எடுக்கிறியள்?"

"உங்கட விலையைக் கேட்டுத் தேசிக்காய்க்குத் தலை சுத்துதாம். கொஞ்சம் காத்துப்பட விடுவம்."

விற்கிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். மிச்ச இரண்டையும் எடுத்தேன். இயந்திரம் நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி, திறப்பைக் கொடுத்து, "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றிரவு நிலையத்துக்குப் பின்னால் அறுபத்து நான்கு யூரோ அறை. காலை உணவு இல்லை, சூடு இல்லை, கதையும் இல்லை. அந்த அறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், சூட்டுக்காக மட்டுமல்ல.

சனிக்கிழமை காலை எர்லாங்கனுக்கு ரயில், வூர்ஸ்பேர்க்கிலும் நூர்ன்பேர்க்கிலும் மாறி நான்கு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். வூர்ஸ்பேர்க் தாண்டித்தான் அவர் வாய் திறந்தார்.

"நீர் அவனிட்டச் சொல்லேல்லை."

"எதை?"

"தெரியும்தானே."

"நான் தேசிக்காயின்ர வருத்தத்தைத்தான் சொன்னனான்."

சிரிக்கவில்லை. "வாசல் வரைக்கும்தான் விட்டிருப்பன்" என்றார். வாசல் வரைக்கும் என்று அவரும் நம்பவில்லை, அவருடைய குரலில் தெரிந்தது. என் மடியில் நான்கு தேசிக்காயும் ரயிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டு வந்தன.

எர்லாங்கனில் விற்றவர் தமிழ்நாட்டுப் பொறியியலாளர், ஆறடிக்கு மேல் வளர்ந்த நெடுவல். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர், மலையேறக் காடேற என்று ஆசைப்பட்டு ஒரு நடுத்தர பிக்கப் வாங்கி, இரண்டு தரம் ஏறிவிட்டு நிறுத்தி வைத்திருந்தார்.

"அக்கா, ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கு. சிங்கிள் ஓனர். ஆஃப் ரோடு ரெண்டே ரெண்டு ட்ரிப்தான்."

"ரெண்டாவது தரம் திரும்பி வந்ததே தம்பி, இல்லை இழுத்து வந்ததோ?"

"அக்கா, டோ பண்ணிதான் வந்தேன். வண்டி மேல தப்பில்ல, என் மேலதான்."

பொய் சொல்லாத ஆள் என்று அப்போதே முடிவு செய்தேன். டீசல், நூறு கிலோமீற்றருக்கு ஒன்பதரை லீற்றர். நீளம் ஐந்தேகால் மீற்றர். நான்கு சில்லும் இழுக்கும், பனிக்கும் சேற்றுக்கும் அது போதும். ஒரு தொன்னுக்கு மேல் சுமக்கும். பாரத்தோடு வண்டிக்கு மூன்று தசம் ஒன்று தொன், அன்ஹெங்கருக்கு ஒன்று. நாலேகாலுக்குள் நிற்பதால், சோதனை இல்லாத ஒரு நாள் பயிற்சியோடு நானே இழுக்கலாம். இருபத்தோராயிரத்து எண்ணூறு கேட்டார், இருபத்தோராயிரத்துக்கு முடித்தோம்.

பத்திரத்தில் கையெழுத்து வைத்ததும் அந்தத் தம்பி திறப்பை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "சார், நீங்கதானே ஓட்டப்போறீங்க?"

அவர் திறப்பை வாங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. எனக்கு வலிப்பு வாறது. அவதான் ஓடுவா."

நான்கு மாதத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம். தம்பி தலையாட்டிவிட்டு எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், அதற்காக அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

ஏறி இருந்தேன். நெடுவலுக்கு வைத்த இருக்கை, என் கால் பிறேக்குக்கு எட்டவில்லை. அவர் வெளியே நின்றபடி குனிந்து, இருக்கைக்குக் கீழே கைவிட்டு என்னை முன்னுக்குத் தள்ளினார்.

"காணுமே?"

"இன்னும் கொஞ்சம்."

"ஸ்டியரிங்கை விழுங்கப் போறீரோ?"

இரண்டு நாளில் அவர் விட்ட முதல் பகிடி அது. பிறகு என் மடியிலிருந்த தேசிக்காயை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சில்லுக்கும் கீழே வைத்தார், சுற்றி வந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறினார். நான் வண்டியை உருட்டினேன். மூன்று நசிந்தன. நான்காவது வழுக்கி உருண்டு ஓடியது. அவர் இறங்கிப் போய் அதை எடுத்து ஜக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்ப ஏறினார்.

ஹனோவருக்கு நானூற்றைம்பது கிலோமீற்றர் சொச்சம், புகாருக்குள் ஆறரை மணித்தியாலம். வீதி வேலை நடக்கும் இடத்தில் இடப்பக்கத் தடத்துக்கு அகலம் இரண்டு தசம் ஒன்று மீற்றர், கண்ணாடியும் சேர்த்து. பெரிய ட்ரக் என்றால் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்திருப்போம். எங்களுடையதும் கண்ணாடியோடு சேர்த்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் நாங்களும் ஊர்ந்தோம். அதை அவர் மூன்று தரம் சொல்லிக் காட்டினார். இல்லாத பிறேக்கைக் காசல் வரை அமத்திக்கொண்டும் வந்தார்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். பார்க்கும் வண்டியின் பத்திரத்தில் முழுப் பாரம் எவ்வளவு என்று முதலில் வாசியுங்கள், நீளமும் உயரமும் பிறகு. அகலத்தைக் கண்ணாடியோடு அளந்து பாருங்கள். உங்கள் வீட்டுத் தரிப்பிடம் ஐந்து மீற்றர் என்றால் நடுத்தரமும் வெளியே எட்டிப் பார்க்கும். விற்கிறவரின் இலக்கத் தகட்டோடு ஓட்டி வருவதென்றால் நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன், யார் ஓட்டுவது என்பதை வீட்டிலேயே கதைத்து முடியுங்கள். நாங்கள் அதைக் கதைப்பதற்கு அறுநூறு கிலோமீற்றர் போக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதும். பெரியதை நான் விருப்பமில்லாமத்தான் விட்டனான் எண்டும் எழுதும்" என்றார். எழுதிவிட்டேன்.

டொக்டரிடம் அடுத்த தேர்மின், பார்க்கக் குறித்த நாள், மாசியில். அந்த நான்காவது தேசிக்காய் வண்டியின் முன்தட்டில், அவர் பக்கத்தில் இருக்கிறது. வளைவுகளில் உருண்டு என் பக்கம் வரும், அவர் எடுத்துத் திரும்ப வைப்பார். காய்ந்து கல்லாகிவிட்டது. எறியச் சொல்லி நான் இன்னும் சொல்லவில்லை.