மலைச்சாமிக்கு அவர் வைத்த தழை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஐப்பசி அடைமழைக் காலம். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலத் தோட்டத்தில் என் கணவருக்கு வேலை. எனக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதமே வலி எடுத்து, ரத்தமும் போக ஆரம்பித்துவிட்டது. மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்ததால், கயிற்றுக் கட்டிலில் மூங்கில் கட்டி, நாலு பேராக என்னைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள்.

முன்னால் என் கணவரும் ஒரு தொழிலாளியும். பின்னால் இன்னொரு தொழிலாளியும், தோட்டத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணனும். அண்ணன் வேதக்காரர். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று எங்கள் வீட்டில் வாய் நிறையச் சொல்வோம். ஆனாலும் அவர்கள் மாதா கோயில் வாசலை நாங்கள் யாரும் மிதித்ததில்லை.

அந்தப் பாதையில் ஒரு வளைவில் மலைச்சாமியின் கல் உண்டு. கடந்து போகிறவர்கள் வழித்துணைக்கு ஒரு பச்சைத் தழையை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அன்று அவசரத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "தழை போடலையே!" என்று கத்தி அழுதேன். இனி பிள்ளை தங்காது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"பேசாம படு, வெரசா எறங்கணும்" என்று கணவர் அதட்டினார்.

"எறக்குங்கப்பா" என்றார் அண்ணன். "தங்கச்சி பயந்து கெடக்கு. அதோட சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துர்றேன்."

பக்கத்துச் செடியில் ஒரு கொத்தை ஒடித்து, என்னைத் தொடச் சொன்னார். வழுக்கும் பாதையில் திரும்ப ஏறி, கல்லின் மேல் வைத்தார். அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த கும்பிடு அதுதான். என் அழுகை நின்றது.

மகன் பிறந்தான், பிழைத்தான்.

சில வருஷம் கழித்து அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனார். மகனையும் ஒரு கொத்துத் தழையையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எல்லோரும் பூவும் மாலையுமாக நிற்க, வாசலிலேயே எனக்குக் கால் கூசியது. அவர் மனைவி பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"வை ஆத்தா. அவுக தூரமால்ல போறாக."

வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்தபடி தரையில் விழுந்து கும்பிட்டேன்.

எந்தச் சாமி உன் பிள்ளையைக் காப்பாற்றியது என்று கேட்டால் இன்றும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் எந்தச் சாமி முன்னால் கண்ணை மூடினாலும், மழையில் தழையோடு மேலேறிப் போன அந்த அண்ணனின் முதுகுதான் எனக்குத் தெரிகிறது.