சூசைமாணிக்கம் எழுதச் சொன்ன இரண்டு வரிகள்

செய்தி வந்தபோது அவருடைய பெயர் என் கையில் மை காயாமல் இருந்தது. நம் பினாங்குப் படிப்பகத்தின் அடுத்த கூட்ட அறிவிப்பைப் பிழை பார்ப்பதற்காகக் குயின் தெரு அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். 'பேச்சாளர்: திரு. சூசைமாணிக்கம்' என்ற வரிக்கு வந்திருந்தேன். அச்சுக்கோப்பவர் உள்ளேயிருந்து வந்து, "கிராணியாரே, அந்தத் தாளைக் கீழ வைங்க. சுங்கை பினாங்குலேருந்து ஆள் வந்துட்டுப் போச்சு. உங்க பேச்சாளர் காலையில தவறிட்டாராம்," என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்ட பிறகும் மீதியிருந்த நான்கு வரிகளைப் படித்துத் திருத்தி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்றாலும் ஒழுங்குக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சூசைமாணிக்கம் சர்வே ஆபீசில் நில அளவையாளர். வெயிலிலும் சேற்றிலும் சங்கிலி பிடித்து அளந்துவருவது அவர் வேலை. அவர் கொண்டுவரும் குறிப்பை நிழலில் உட்கார்ந்து படமாக வரைவது கிராணியான, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவான, என் வேலை. வயதில் என்னைவிடப் பன்னிரண்டு வருடம் இளையவர். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நேராகப் படிப்பகத்துக்கு வருவார். கப்பலில் வரும் கல்வெட்டு அறிக்கைகளை இந்த ஊரில் பக்கம் பக்கமாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். நானும் படித்தேன். ஆனால் நான் படித்ததும் அவர் படித்ததும் ஒன்றல்ல என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஒருமுறை பத்து காவான் என்ற ஊருக்கு என்னையும் அழைத்துப் போனார். ஒரு பெரிய தோட்டத்துக்கும் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் சிறிய தென்னந்தோப்புக்கும் இடையே எல்லை அளக்க வேண்டியிருந்தது. எல்லைக்கல் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் புல் மூடிய இரண்டு பழைய குழிகள் இருந்தன. கல் நிற்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு நான் கிளம்பப் பார்த்தேன். "மூணையும் போடுங்கண்ணே," என்றார். "இப்போ செல்லுபடியாவது ஒரு கல்தானே?" என்று கேட்டேன். "ஒரு கல்லை மட்டும் போட்டா இங்க ஒண்ணுமே நடக்கலேன்னு ஆயிடும். ஒரே எல்லைக்கு மூணு தடவ கல்லு நட்டிருந்தா, இதை ஒத்துக்காத ஆள் ஒருத்தர் இங்கேயே குடியிருக்கார்னு அர்த்தம்." தோப்புக்காரப் பெரியவர் எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சூசைமாணிக்கத்தின் விரல் அந்தப் பழைய குழிகளைக் காட்டியபோது அவர் சிரித்தார். கல்லையும் இரண்டு குழிகளையும் படத்தில் வரைந்தேன். கற்றுக்கொண்டேன் என்றும் நினைத்தேன். கற்றுக்கொள்ளவில்லை.

சில வருடம் கழித்து அவர் ஆய்நாட்டைப் பற்றிப் பேசினார். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் அந்தப் பேச்சை மறந்திருக்க மாட்டீர்கள். மலைக்கும் மேலைக் கடலுக்கும் நடுவே, பாண்டிய நாட்டின் எல்லையை ஒட்டியிருந்த சின்ன நாடு அது. வேள் என்ற பட்டத்தோடு அதை ஆண்டவர்கள் பேரரசர்கள் அல்லர். மதுரையோ அந்தத் தலைமுறைகளில் நாலு திசையிலும் பெருகிக்கொண்டிருந்தது. ஆய்நாட்டார் எழுதிவைத்தவை கொஞ்சம். அவர்கள் நடத்திய போர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர்களை வென்றவர்கள் தம்மைத் தாமே புகழ்ந்து பொறித்தவைதான்.

அந்தப் பேச்சுக்கு ஒரு தாள் அச்சிட்டுச் சபையில் எல்லோருக்கும் கொடுத்தோம். பாண்டியரின் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் சொல்லும் போர்களை வரிசையாகப் பதினோரு வரிகளில் சூசைமாணிக்கம் எழுதித் தந்திருந்தார். செயலாளன் என்ற முறையில் அதைச் சீர்பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் நான். 'ஆய்வேளைப் பாண்டியர் வென்றனர்' என்ற வரி அதில் மூன்று இடங்களில் இருந்தது. படியெடுக்கையில் கை தவறி மறுபடியும் எழுதிவிட்டார் என்று எண்ணினேன். சிவப்பு மையால், அளவுகோல் வைத்து, இரண்டை அடித்தேன். அவரைக் கேட்டிருக்கலாம். ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

பேச்சு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. முன் வரிசையிலிருந்து, மதுரைச் சீமைக்காரரான மார்க்கெட் தெரு ஜவுளிக்கடை முதலாளி தாளை உயர்த்திப் பிடித்தார். "ஏன் பேச்சாளரே, ஒரே ஒரு வரியில தோத்துப்போனவனுக்கு ஒரு மணி நேரப் பேச்சா? எங்க பாண்டியன் ஒரு தட்டுத் தட்டியிருக்கான், ஆளு படுத்துட்டான். இதுல எதிர்ப்பு எங்க இருக்கு?" சபை சிரித்தது. சூசைமாணிக்கம் அச்சிட்ட தாளை அப்போதுதான் குனிந்து பார்த்தார். பிறகு மூலையில் இருந்த என்னைப் பார்த்தார். செயலாளர் அடித்துவிட்டார் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பேச்சு பிழைத்துவிடும்.

அவர் சொன்னது இதுதான். "முதலாளி கேட்டது நியாயம். தாள்ல ஒரு வரிதான் இருக்கு. எல்லாரும் பென்சில் எடுங்க. கிராணிமார் சபையில பென்சிலுக்கா பஞ்சம்?"

காதிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் பென்சில்கள் வந்தன. ஐந்தாவது வரிக்குக் கீழே எழுதச் சொன்னார்: ஆய்வேளைப் பாண்டியர் வென்றனர். எட்டாவது வரிக்குக் கீழே மறுபடியும் அதையே எழுதச் சொன்னார். முதலாளி பக்கத்து ஆளிடம் பென்சில் கடன் வாங்கி எழுதினார். இரண்டாவது முறை எழுதும்போது அவர் கை நின்றது.

"போன தடவயே தோத்துட்டானே. மறுபடியும் எப்படித் தோப்பான்?"

"அதான் முதலாளி என் பேச்சு," என்றார் சூசைமாணிக்கம். "முதல்ல வென்ற ராஜா வேற, கடைசியில வென்ற ராஜா வேற. ஒரே ஆளை மூணு தடவ ஜெயிச்சேன்னு ஒரு வம்சம் பொறிச்சு வச்சிருந்தா, நடுவுல ரெண்டு தடவ அந்த ஆள் எழுந்து நின்னிருக்கான். அதை யாரும் பொறிக்கல. பாண்டியர் கல்லுல அவனுக்கு வரி கிடையாது. வரிக்கும் வரிக்கும் நடுவுலதான் அவன் இருக்கான்."

முதலாளி தாளில் இருந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டு எண்ணினார். "எந்திரிச்சுக்கிட்டே இருந்திருக்கான்லா," என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அந்த நாடு பெரிய அரசுகளுக்குள் கரைந்துபோனதை அவர் மறைக்கவில்லை. தோல்வியை வெற்றியாக்கிக் காட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. "போய்த்தான் விட்டது. ஆனால் ஒரே நாளில் போகவில்லை," என்று சொல்லி முடித்தார். அந்த முடிவைக் கேட்ட பிறகு, நன்றியுரை சொல்லவேண்டிய நான் இரண்டு வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீசில், படிப்பகச் செயலாளர் பதவியிலிருந்து விலகும் ராஜினாமாக் கடிதத்தோடு அவர் மேசைக்குப் போனேன். அவர் பிரிக்கவே இல்லை.

"இது எத்தனாவதுண்ணே?"

"மூன்றாவது." முதலாவது, தலைவரின் பெயரை அறிவிப்பில் விட்டுவிட்டதற்கு. இரண்டாவது, அலமாரிச் சாவியைத் தொலைத்ததற்கு. இரண்டையும் அவரிடம்தான் கொடுத்திருந்தேன்.

"அப்போ நடுவுல ரெண்டு தடவ எழுந்து வந்திருக்கீங்க," என்று சொல்லிக் கடிதத்தை என் சட்டைப் பையிலேயே செருகினார். "போங்க, ஞாயித்துக்கிழமை கதவைத் திறங்க." அந்தத் தாளைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அச்சகத்துப் பிழை என்றே ஊர் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறது. அச்சுக்கோப்பவரும் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு எனக்கு வணக்கம் சொல்லிவருகிறார். நானும் திருத்தவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு சுங்கை பினாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிலோமினாள் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். "இது உங்க கைக்குத்தான் வரணும்னு சொல்லியிருந்தார். 'அண்ணன் பயப்படுவார், வேற யார்கிட்டயும் போயிடக் கூடாது'ன்னார்." உள்ளே அவர் கையெழுத்தில் பதினோரு வரிகள். இரண்டு வரிகளின் மேல் அளவுகோல் வைத்து இழுத்த என் சிவப்புக் கோடுகள். இந்தத் தாள் வெளியே வந்திருந்தால் பழி யாருடையது என்பது அன்றே தெரிந்திருக்கும். அவர் அதை அச்சகத்திலிருந்து வாங்கிவந்து பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். இனி நான் கிழித்துப் போட்டாலும் கேட்க ஆள் இல்லை.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டு வரிகளை அடித்தவன் நான். அச்சகத்தார் மேல் பிழை இல்லை; அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அன்றைய தாளை இன்னும் வைத்திருப்பவர்கள் நீங்கள் பென்சிலால் எழுதியதை அழிக்க வேண்டாம். சூசைமாணிக்கம் எழுதியபடி இருப்பது அதுதான்.

அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது இந்தச் சிவப்புக் கோடு போட்ட தாள். ஒரே வரி மறுபடியும் வந்தால் அடிக்கும் முன் நின்று பார்க்கும் பழக்கமும் இருக்கிறது, தாமதமாக வந்ததுதான். அடக்கம் நடந்த அன்று மாலை நான்காவது ராஜினாமாவை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அதை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தேன். அந்தத் தாளோடு சேர்த்து உறைக்குள் வைத்துவிட்டேன். ஞாயிறு காலை போய்ப் படிப்பகத்தின் கதவைத் திறந்தேன்.